முன்பாரம்

மைதீன்பிச்சையின் குதிரை, ஜமீன் என்று பேர், தரையை விட்டு நாலு விரற்கடை மேலே நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். செவ்வாய்க்கிழமை என்றால் வேல்மலை அடிவாரத்தில் மொட்டைத் தலைகளும் சந்தன வாசனையுமாகக் கூட்டம் நெரியும், ஆகவே எங்களில் யாரும் அதைக் குதிரையின் சங்கதியாக எடுத்துக்கொள்ளவில்லை, சவாரியின் சங்கதியாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

குதிரை வண்டிக்கு இரண்டே சக்கரம். பின்னால் ஆள் கூடிப்போனால் முன்னால் குதிரையைப் பூட்டுகிற ஏர்க்கால் தூக்கிக்கொள்ளும், ஏர்க்கால் தூக்கினால் வயிற்றுவாரோடு சேர்ந்து குதிரையும் தூக்கிக்கொண்டு முன்னங்கால் இரண்டும் காற்றைத் துழாவும். அதற்குப் பின்பாரம் என்று பேர். அப்போது வண்டிக்காரர் திரும்பி உட்கார்ந்து, "முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க, பாரம் பத்தலை" என்று ஒரு ராகத்தில் கூப்பிடுவார், உள்ளே இருக்கிறவர்கள் முனகிக்கொண்டே முன்னால் நகர்வார்கள், குதிரை இறங்கும், வண்டி கிளம்பும். அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அந்தக் குரல் காதில் விழுந்தால் கால் தன்னால் முன்னே நகரும். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது தூரத்தில் ஒரு வண்டிக்காரர் கூப்பிட்டதற்கு வரிசையே ஓரடி நகர்ந்து முன்னால் நின்றவரைக் கவுண்டரில் இடித்த ஊர் இது.

அன்றைக்கு வண்டியில் கரூர்ப்பக்கத்துக் குடும்பம், ஏழு பேர், ஏழும் புது மொட்டை. மைதீன்பிச்சை கூப்பிட்டார், நகர்ந்தார்கள். குதிரை இறங்கவில்லை. இன்னும் கூப்பிட்டார், இன்னும் நகர்ந்தார்கள். அந்தக் குடும்பத்தின் பெரிய அம்மாள், நல்ல கனம், ஏர்க்கால் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டு, "இதுக்கு மேல எங்க வாரது? குதிர மேலயா உக்கார்றது?" என்று கேட்டாள்.

மைதீன்பிச்சை கீழே குதித்து வயிற்றுவாரை அவிழ்த்தார். ஏர்க்கால் தடாலென்று தரையில் விழுந்தது. ஜமீன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது, நாலு லாடத்துக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் வெளிச்சம் தெரிந்தது. பெரிய அம்மாள் குனிந்து பார்த்து, "அப்ப எங்க மேல தப்பில்லை" என்று சொல்லி மற்றவர்களை இறக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனாள்.

மைதீன்பிச்சைக்கு ஆச்சரியமே இல்லை. இரண்டு மாதமாக அந்தக் குதிரைக்கு அவர் என்ன போட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும். வைக்கோல் இல்லை. மழை பொய்த்து பாதி வயல் தரிசாகக் கிடந்தது, விளைந்த மீதிப் பாதியை மெஷின் அறுத்தது, இன்னொரு மெஷின் பின்னாலேயே வந்து வைக்கோலைப் பாய் சுருட்டுவது போல் சுருட்டியது, வரப்போரம் காத்து நின்ற லாரிகள் அதை ஏற்றிக்கொண்டு மலை தாண்டிப் போயின. அங்கே மாடுகளுக்கு நல்ல விலை கொடுத்து வாங்கினார்களாம். ஏரிக்கரைப் புல்லை அறுக்கலாம் என்றால் ஏரிக்கரையில் மஞ்சள் கல் நட்டு மனை போட்டாகிவிட்டது. கொள்ளு விலையைக் கேட்டால் கடைக்காரரே சொல்லக் கூச்சப்பட்டார். எனவே வண்டிக்காரர்கள் கல்யாண மண்டபத்துப் பின்வாசலில் நின்று வாழையிலை வாங்கினார்கள், ஆலைக்குப் போகும் வண்டியிலிருந்து உதிர்ந்த கரும்புச் சோகையைப் பொறுக்கினார்கள், கோயிலில் கழித்துப் போட்ட மாலைகளில் நாரை உருவிவிட்டுப் பூவை மட்டும் போட்டார்கள். சாமந்திப்பூ தின்ற குதிரை ராத்திரியெல்லாம் வயிறு உப்பிக் கிடந்து உருண்டதால் அதையும் நிறுத்தினார்கள். ஸ்டாண்டில் ஒரு காலத்தில் நாற்பது குதிரை, இப்போது பதினொன்று. பத்துக் குதிரைக்கும் விலா எலும்பை எண்ணலாம், பதினோராவது மேலே நின்றது. ஏன் ஜமீன் மட்டும் என்று நாங்கள் யோசிக்கவில்லை, ஒரு ஊருக்கு ஒரு அதிசயம் போதும்.

கால்நடை டாக்டர் வந்தார். மேலே நின்ற குதிரையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "சத்துக் குறைவு" என்றார், ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். லாடம் கட்டுகிற அந்தோணி வந்து குனிந்து பார்த்து, இனி இந்தக் குதிரைக்கு லாடம் தேயாது, தன் பிழைப்பில் ஒரு குதிரை போயிற்று என்று வருத்தப்பட்டார். தரைக்கு மேலே நிற்கும் குதிரைக்கு ஸ்டாண்டில் இடம் உண்டா இல்லையா என்று வண்டிக்காரர் சங்கத்தில் ஒரு மணி நேரம் பேசினார்கள். நிழல் ஸ்டாண்டுக்குள்தானே விழுகிறது என்று தலைவர் சடையப்பன் சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் பழகிவிட்டது. எங்களுக்கு எதுவும் ஒரு வாரத்தில் பழகிவிடும். நடை வராத குழந்தைகளைக் குதிரையின் வயிற்றுக்கு அடியில் மூன்று தடவை இப்படியும் அப்படியும் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், யாரோ ஒரு குழந்தை நடந்ததாகச் சொன்னார்கள், கூட்டம் கூடியது. பஞ்சாமிர்தக் கடைகளில் பறக்கும் குதிரைப் படம் போட்ட டப்பா வந்தது, படத்தில் இருந்தது மட்டும் நல்ல கொழுத்த குதிரை. வந்தவர்கள் காசு போட்டார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள், சூடம் கொளுத்தினார்கள். மைதீன்பிச்சையின் மனைவி சபுராம்மாள் ஒரு அட்டையில், 'காசு வேண்டாம். புல்லு போடுங்க' என்று எழுதித் தொங்கவிட்டாள். அந்த அட்டைக்கும் யாரோ குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள்.

நாளாக ஆக ஜமீன் இன்னும் மேலே ஏறியது. தரையில் கால் பாவாத குதிரை வண்டி இழுக்காது. அதனால் மைதீன்பிச்சை தானே ஏர்க்காலுக்கு நடுவில் போய் நின்றார். நீளக் கயிறு ஒன்றின் ஒரு நுனி குதிரையின் கழுத்தில், மறு நுனி வண்டியில்; கீழே அவர் இழுக்க, மேலே ஜமீன் கூடவே வந்தது. அறுபதை நெருங்கிய மனிதர் மூச்சு வாங்க வண்டி இழுப்பதையும் அவர் தலைக்கு மேலே ஒரு குதிரை காலாட்டாமல் வருவதையும் பார்த்துச் சவாரிக்காரர்கள் கை தட்டினார்கள். யாரும் இறங்கி நடக்கவில்லை. இதைச் சொல்லும் நானும் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு வரை அந்த வண்டியில்தான் போனேன், எனக்கு அன்றைக்கு முழங்கால் வலி.

கிடைத்ததையெல்லாம் சபுராம்மாள் ஊட்டிக்கொண்டுதான் இருந்தாள், ஒரு கை தவிடு, ஒரு கட்டு முருங்கைத்தழை. நாலு வாய் கூடத் தின்ற நாளில் ஜமீன் ஒரு சாண் இறங்கும், கிடைக்காத நாளில் இரண்டு சாண் ஏறும். உத்திரத் திருவிழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அது கூரை உயரத்தில் நின்றது. அன்றைக்குத்தான் லாட்ஜ் முதலாளி குழந்தைவேலு, சடையப்பனையும் வண்டிக்காரர்களையும் அழைத்துக்கொண்டு மைதீன்பிச்சை வீட்டுக்கு வந்தார்.

"பாய், ஊருக்கே உங்க குதிரையாலதான் பேரு" என்றார் குழந்தைவேலு. "உத்திரத்துக்கு லட்சம் பேரு வருவாங்க. அன்னிக்கு ஜமீன் கோபுரத்துக்குச் சமமா நிக்கணும். அது வரைக்கும் தண்ணி காட்டுங்க, தப்பில்லை. தீனி மட்டும் ஆகாது."

"ஒம்போது நாளா?" என்றாள் சபுராம்மாள் உள்ளேயிருந்து.

"ஒம்போதே நாள்தான் தாயி. உத்திரத்தன்னிக்கு மத்தியானம் ஒரு லாரி வைக்கோல் நான் எறக்கறேன். ஜமீனுக்கு மட்டுமில்லீங்க, ஸ்டாண்டுல இருக்கற பதினோரு குதிரைக்கும், அடுத்த அறுப்பு வரைக்கும்."

மைதீன்பிச்சை யாரையும் பார்க்கவில்லை. சடையப்பன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து வண்டி.

"பாய், என்னோடது நேத்துலருந்து படுத்தது எந்திரிக்கலை" என்றார் சடையப்பன். "அந்த மாரிமுத்தோட பெட்டைக்கு ஈரலே இல்லாத மாதிரி ஒட்டிக் கெடக்கு. நான் உன்கிட்டக் கேக்கக்கூடாது. ஆனா கேக்காம இருக்கவும் முடியலை."

"பத்துக் குதிரைக்காக ஒரு குதிரையப் பட்டினி போடுறதா?" என்றாள் சபுராம்மாள்.

"சரி" என்றார் மைதீன்பிச்சை. அவருக்கு மனசு ஒப்பவில்லை. மறுத்துப் பேசுவதற்கு வேண்டிய தெம்பும் அவரிடம் இல்லை. ஒரு மனிதன் களைத்துப்போனால் எதற்கு வேண்டுமானாலும் சரி என்பான், நாங்கள் அதைத் தெரிந்துதான் போனோம்.

அந்த ஒன்பது நாளும் காலையில் அவர் கயிற்றை இழுத்து ஜமீனைக் கீழே கொண்டுவருவார், வாளியில் தண்ணீர் காட்டுவார். தண்ணீர் குடித்து முடித்ததும் அது அவருடைய இரண்டு உள்ளங்கையையும் முகர்ந்து பார்க்கும், அப்புறம் சட்டைப் பையை, அப்புறம் மடியை. முகர்ந்து முடிக்கும்வரை அசையாமல் நிற்பார். பிறகு கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார், ஜமீன் அவரைப் பார்த்துக்கொண்டே ஏறும். புளியமர உயரம், லாட்ஜ் மாடி உயரம், அதற்கும் மேலே. கோபித்துக்கொண்டு ஒரு தடவையாவது கனைத்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும், அது கனைக்கவே இல்லை.

ஜமீனுக்கு வெறும் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிசைவார், எழுந்திருப்பார்.

"நோன்பு முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு" என்றாள் சபுராம்மாள் மூன்றாம் நாள். "நோன்புன்னாகூட பொழுது சாஞ்சா தொறக்கணும். நீங்க என்ன நோன்பு இருக்கீங்க?"

"பசிக்கலைடி."

"ஜமீனுக்கும் பசிக்கலையாமா?"

அவர் எழுந்து வெளியே போனார். ஐந்தாம் நாள் சபுராம்மாள் கவனித்தாள், வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. ஆறாம் நாள் அவருடைய காக்கிச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது அது கை தாங்காமல் கனத்தது, இரண்டு பையிலும் பழைய லாடங்கள், பக்கத்துக்கு ஐந்து.

"இது எதுக்கு?"

"சும்மா கெடக்கட்டும்" என்று சட்டையைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார்.

எனக்கும் அந்த லாடங்கள் தெரியும். வண்டியில் ஏறும்போது கிலுங்கின. ஏன் என்று கேட்கவில்லை, மறுபடி முழங்கால் வலிதான்.

உத்திரம் வந்தது. காவடிகள் வந்தன, பால்குடங்கள் வந்தன, பத்து ஊர் மேளமும் ஒன்றாகச் சேர்ந்து எதுவும் கேட்காமல் போயிற்று. வானத்தில் கோபுரக் கலசத்துக்குப் பக்கத்தில் ஜமீன் நின்றது, கீழேயிருந்து பார்த்தால் ஒட்டிய வயிறும் நாலு லாடமும்தான் தெரிந்தன. அத்தனை தலையும் அண்ணாந்து ஒரே குரலில் அரோகரா சொன்னபோது, எங்களுக்கே, தினமும் பார்க்கிற எங்களுக்கே, கண்ணில் தண்ணீர் வந்தது. குழந்தைவேலு மைதீன்பிச்சைக்குப் புதுச் சட்டையும் புது வேட்டியும் புதுச் செருப்பும் கொடுத்து, கசங்கிய காக்கிச் சட்டையை லாட்ஜிலேயே கழற்றி வைக்கச் சொல்லி, அவரைக் குதிரைக் கயிறு கட்டியிருந்த வண்டிப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார். புதுச் சட்டைக்கு ஒரே பை. அதில் ஒன்றும் இல்லை. அவர் நாற்காலிக் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்ததை மரியாதைக்குக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

மத்தியானம் சொன்னபடி லாரி வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும், குழந்தைவேலு வாக்குத் தவறவில்லை. தார்ப்பாயை விலக்கியதும் வெயிலில் காய்ந்த வைக்கோலின் வாசனை தெருவெல்லாம் பரவியது. படுத்துக் கிடந்த சடையப்பன் குதிரை தானே எழுந்து வந்தது. பத்துக் குதிரையும் ஒரு வார்த்தை பேசாமல், ஆமாம் அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது, ஒரு வார்த்தை பேசாமல் தின்றன. வண்டிக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

வாசனை மேலேயும் போயிருக்க வேண்டும். ஜமீன் கழுத்தைக் கீழே வளைத்தது. நாலு காலையும் அசைத்தது, படியில் இறங்குவது போல ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தது. காற்றில் எந்தக் காலும் ஊன்றவில்லை. அப்போதுதான் அது கனைத்தது, ஒன்பது நாளில் முதல் தடவையாக.

மைதீன்பிச்சை எழுந்தார். "எறக்கப் போறேன்" என்றார்.

"பாய், ஒரு மூணு நாள் பொறுங்க" என்றார் குழந்தைவேலு. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் ரூமெல்லாம் புக்காயிருக்கு. டிவிக்காரங்க நாளைக்கு வாராங்க. வைக்கோல் எங்கயும் ஓடிப்போகாது."

மைதீன்பிச்சை சடையப்பனைப் பார்த்தார். சடையப்பன் தன் குதிரையின் வாயிலிருந்து தொங்கிய வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற வண்டிக்காரர்களும் அவரவர் குதிரையைப் பார்த்தார்கள். நாங்கள் கோபுரத்தைப் பார்த்தோம்.

அவர் தானே வண்டியிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். அதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தார். கயிறு இறங்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தார், புதுச் செருப்பு இரண்டும் தரையில் கிடக்க, மைதீன்பிச்சை மேலே போனார்.

வேகமாக இல்லை. நிதானமாகத்தான் போனார். முதலில் முழங்கால் உயரம், பிறகு இடுப்பு உயரம். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள், இதுவும் திருவிழாவில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். அவர் சத்தம் போடவில்லை, கயிற்றை விடவும் இல்லை. விட்டால் ஜமீன் போய்விடும்.

சபுராம்மாள் லாரியிலிருந்து ஒரு கை வைக்கோலை உருவிக்கொண்டு திரும்பியவள், அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்து இரண்டு கையாலும் அவர் கணுக்காலைப் பிடித்தாள். அவளும் அந்த வீட்டில்தானே சாப்பிட்டாள், சாப்பிட்டாள் என்ன, தட்டை அவர் தள்ளினால் இவளும் மூடி வைத்தாள். அவள் குதிகால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. கட்டை விரலால் தரையைத் தொட்டுக்கொண்டு, முப்பது வருஷம் தன் வீட்டுக்காரர் வாயில் கேட்ட அதே ராகத்தில், தெருவே அடங்கும்படி கூப்பிட்டாள்:

"முன்னாடி வாங்க! முன்னாடி வாங்க! பாரம் பத்தலை!"

கால்கள் நகர்ந்தன. யோசித்திருந்தால் நகர்ந்திருக்காது. முதலில் சடையப்பன் வந்து சபுராம்மாள் தலைக்கு மேல் கையை நீட்டி மைதீன்பிச்சையின் இன்னொரு காலைப் பிடித்தார், பிறகு மாரிமுத்து, அந்தோணி, பஞ்சாமிர்தக் கடைக்காரர்கள், முழங்கால் வலியோடு நான். குழந்தைவேலு முதலாளியின் கால்களும் நகர்ந்தன, அவரும் எங்கள் ஊரில் பிறந்தவர்தானே, வந்து சேர்ந்த பிறகு திரும்பிப் போக வெட்கப்பட்டு அவரும் கயிற்றில் கை வைத்தார். அந்தக் கயிற்றைத் தொட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது, பசி எவ்வளவு பலமாக மேலே இழுக்கும் என்று.

முழம் முழமாக இரண்டு பேரையும் இறக்கினோம். ஜமீனின் முகம் எங்கள் தலைக்கு வந்ததும் சபுராம்மாள் அக்குளில் இருந்த வைக்கோலை நீட்டினாள். ஒன்பது நாள் பட்டினிக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் வயிறு முறுக்கிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும், நாலைந்து தாளாகத்தான் கொடுத்தாள். அது மென்றது. எங்களுக்கு மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது, மேளம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஒரு வாய்க்கு ஒரு விரற்கடை இறங்கியது. பொழுது மேற்கே சாயும்போது முன்னங்கால் லாடம் ஒன்று கல்லில் பட்டு டக்கென்றது, பிறகு இன்னொன்று, பிறகு பின்னங்கால் இரண்டும்.

நாலு காலில் நிற்கும் குதிரையைப் பார்க்க யார் நிற்பார்கள். கூட்டம் கலைந்தது. மறுநாள் ரூமைக் காலி செய்தவர்களுக்குக் குழந்தைவேலு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், வைக்கோலைத் திருப்பிக் கேட்கவில்லை.

உத்திரத்தன்று சாயங்காலமே நான் மைதீன்பிச்சையின் காக்கிச் சட்டையை லாட்ஜிலிருந்து வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. கொட்டடியில் ஜமீன் வாளித் தண்ணீரில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பிடித்தபடி மைதீன்பிச்சை நின்றார், அவர் பாதங்களுக்குக் கீழே நாலு விரல் வெளிச்சம் தெரிந்தது. சபுராம்மாள் தட்டில் ரசஞ்சோறு பிசைந்துகொண்டு வந்தாள். லாடம் கனத்த சட்டையை நான் நீட்டினேன். அதை வாங்கி ஒரு ஓரமாகப் போட்டாள்.

"அது தின்னுச்சா?" என்று கேட்டார் மைதீன்பிச்சை.

"தின்னு, எறங்கி நிக்கிது" என்றாள் சபுராம்மாள், சோற்றை உருட்டி அவர் வாய்க்கு நேராகக் கையை உயர்த்தி. "இப்ப நீங்க எறங்குங்க."